கலந்துபோன பிடி அரிசி

சிவமயம்

திருவண்ணாமலை,
30-10-1958

அடி அண்ணாமலைப் பிடி அரிசிப் பொறுப்பாளர் ஸ்ரீமதி பச்சையம்மாள் அவர்களுக்கு மாதர் சங்கக் காரியதரிசி லலிதாம்பாள் எழுதுவது.

நீங்கள் கடலை பிடுங்கும் வேலைக்காகக் கீழ்பென்னாத்தூரில் தமையனார் வீட்டில் இருப்பதால், நேற்று நடந்த அவசரக் கூட்டத்தின் முடிவைத் தபாலில் தெரிவிக்கிறேன். சங்க நோட்டில் நகல் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

அடி அண்ணாமலையில் பிரசவ விடுதி ஒன்று கட்ட ஊர்ப் பங்காக நானூறு ரூபாய் நவம்பர் 30ஆம் தேதிக்குள் நாம் கட்டினால் மீதியை சர்க்கார் போடுகிறது. கட்டிய மறுவாரமே மருத்துவச்சி வந்துவிடுவார். கட்டடம் எழும்பும்வரை வாடகை வீட்டில் இருப்பார். தேதி தவறினால் விடுதியும் மருத்துவச்சியும் வேறு ஊருக்குப் போய்விடும். இதற்காகத்தான் ஆடி முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கச் சொல்லி ஞாயிறுதோறும் சேர்த்துவந்தோம். கோயில் தெரு வீடுகளின் பச்சரிசி என் வீட்டு உள்ரேழியில் மரப்பெட்டியில் இருந்தது. உங்கள் ஊர்ப் புழுங்கலரிசி என் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் மூட்டைகளாக இருந்தது.

அன்னாபிஷேகத்துக்கு மறுநாள் காலை மண்டிக்காரர் விலை பேச வந்தார். பெட்டியைத் திறந்தால் மூன்று மூட்டைப் பச்சரிசியும் நாலு மூட்டைப் புழுங்கலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. புழுங்கல் வேகிற நேரத்தில் பச்சரிசி குழைந்து கூழாகிவிடும், இதை எவன் வாங்கி உலையில் போடுவான் என்று சிரித்தார். தீவனத்துக்கென்றால் கால் விலை தருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

கடைசி மூட்டையை அன்னாபிஷேகத்தன்று காலையில் வண்டியில் கொண்டுவந்தவர் உங்கள் கணவர் சகாதேவன். மழைக்குப் பயந்து அவர்தான் எல்லாவற்றையும் பெட்டியில் கொட்டியிருக்க வேண்டும் என்று என் மாமியார் சொர்ணாம்பாள் கூட்டத்தில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஆகவே இந்த நஷ்டத்துக்கு அவர் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

வள்ளி சௌக்கியமா? மாதம் ஏழு ஆகியிருக்குமே.

இப்படிக்கு,
லலிதாம்பாள்,
காரியதரிசி

கீழ்பென்னாத்தூர்,
3-11-1958

லலிதாம்மாவுக்கு,

மூன்று வருஷமாக நீங்கள் எனக்கு எழுதிய சீட்டிலெல்லாம் அக்கா என்றுதான் இருக்கும். இந்தத் தடவை ஸ்ரீமதி. தபால்காரர் வேறு யாருக்கோ வந்ததை என் கையில் கொடுத்துவிட்டாரோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவரிடம் விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, நான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து என் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் கொல்லக் கதவாண்ட மூட்டைய எறக்கி வெச்சிட்டு அப்பிடியே வந்துட்டேன். அந்த வீட்டுக்குள்ள என்னா இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

நீங்களே யோசியுங்கள். மரப்பெட்டி எங்கே இருக்கிறது? உள்ரேழியில். என் வீட்டுக்காரர் என்றைக்காவது உங்கள் கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்திருக்கிறாரா? நாலு மாதமாக மூட்டை இறக்குகிறார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட மதிலோரம்தான் நிற்பார். எங்கள் அரிசியையே உங்கள் மாமியார் உள்ளே விடாமல் மாட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அரிசியை விடாத வீட்டுக்குள் அரிசி கொண்டுவந்த ஆளை மட்டும் விட்டார்களா? இதைக் கூட்டத்தில் ஒருத்தருமா கேட்கவில்லை? மறுக்காத அந்த "யாரும்" என்பதில் நீங்களும் சேர்த்திதானே?

நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. ஆனால் என் மூத்த மகள் பொன்னி செத்த நாளை மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுவரும்போது செங்கம் ரோட்டு மதகுக்கிட்டேயே அவளும் போய், வயிற்றில் இருந்ததும் போய், வெறும் உடம்பைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரையோ பார்க்க வந்த நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். மேலே தூக்கி என் கையில் ஊற்றவில்லை. சொம்பையே என் கையில் கொடுத்தீர்கள். அந்தச் சொம்புக்காகத்தான் நீங்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தேன், நூறு வீட்டுப் படி ஏறினேன். இப்போது என் வீட்டுக்காரரை டீக்கடையில் அரிசித் திருடன் என்கிற மாதிரி பார்க்கிறார்களாம்.

வள்ளி சௌக்கியம். அக்காளுக்கு ஆனது தனக்கும் ஆகுமோ என்று ராத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். மார்கழிக் கடைசியில் பிறக்கும். அதற்குள் மருத்துவச்சி வராவிட்டால் அதே வண்டி, அதே மதகுதான்.

பச்சையம்மாள்

திருவண்ணாமலை,
6-11-1958

பச்சையம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்டவற்றுக்கு இப்போது பதில் எழுதும் நிலையில் நான் இல்லை. காரியத்தை மட்டும் எழுதுகிறேன்.

பிளாக் ஆபீசிலிருந்து ஆள் வந்தார். வேறோர் ஊர்க்காரர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களாம். முப்பதாம் தேதி சாயங்காலம்வரைதான் நமக்கு அவகாசம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கோயில் தெருப் பெண்கள் பத்துப் பேர் முறத்தோடு உட்கார்ந்து, பச்சரிசி வேறு புழுங்கல் வேறாகப் பொறுக்கிப் பார்த்தோம். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பொறுக்கி இரண்டு படி தேறியது. கண் எரிச்சல்தான் மிச்சம். இந்த ரீதியில் போனால் வள்ளியின் குழந்தைக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

கலந்தவர் யாராயிருந்தாலும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று கொட்டகைக் கூரையில் ஓலை பறந்துவிட்டது. மூட்டைகளின் மேல் தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது. விட்டிருந்தால் நாலு மூட்டையும் ஊறிப் பூசணம் பூத்திருக்கும், நாறியிருக்கும். உலர்ந்த இடம் என்று அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

கால் விலைக்கே கொடுத்துவிடலாமா என்று உங்கள் ஊர்ப் பெண்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு எழுதவும்.

லலிதாம்பாள்

கீழ்பென்னாத்தூர்,
9-11-1958

லலிதாம்மா,

தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்கினதை யார் பார்த்தது? அன்றைக்கு வீட்டில் ஈ காக்கை இல்லை, எல்லாரும் அன்னாபிஷேகத்துக்குக் கோயிலில் இருந்தோம் என்று உங்கள் மாமியார் கூட்டத்தில் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. இல்லாத வீட்டில் மழையைப் பார்த்தது யார்? அந்தப் பெட்டி ஒன்றுதான் உலர்ந்திருந்தது என்று தேடிப் பார்த்தது யார்?

யார் என்று எனக்குத் தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் நம்புவேன். சொல்லாவிட்டாலும் ஒரு நாள் நம்ப வேண்டி வரும்.

அரிசியைக் கால் விலைக்குக் கொடுக்கக் கூடாது. அவ்வளவு பேர் பத்து நாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, ஒருத்திக்காவது தோசை ஞாபகம் வரவில்லையா? பச்சரிசியும் புழுங்கலும் கலந்தால் சோறாகாது, நிஜம். மாவாகும். நாமே வீட்டில் தோசைக்கு இரண்டையும் கலந்துதானே நனைக்கிறோம்? தீபத்துக்கு மலை சுற்ற லட்சம் கால் எங்கள் ஊர் வழியாகத்தான் நடக்கப்போகிறது. பாதி சுற்றி வரும்போது பசிக்கும். பாதை ஓரம் இருபது அடுப்பு போட்டால் ஏழு மூட்டையும் மூன்று நாளில் தீர்ந்துவிடும். உளுந்து என் அண்ணன் தருகிறேன் என்றார். இந்த வருஷம் கடலை ஜாஸ்தி, சட்னிக்கும் எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. ஆட்டுவதற்குத்தான் கை வேண்டும். கோயில் தெருவில் நாற்பது ஆட்டுக்கல்லாவது இருக்கும்.

ஆனால் ஒன்று. கூட்டத்தில் கெட்ட பெயர் வைத்தீர்கள், அதே கூட்டத்தில் அதை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து ஒரு கையும் வராது. வள்ளி மேல் ஆணையாகச் சொல்லுகிறேன். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பச்சையம்மாள்

திருவண்ணாமலை,
12-11-1958

அக்கா,

நான்தான்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இனி மெல்ல எழுதுகிறேன்.

அன்னாபிஷேகத்தன்று நான் ஏன் கோயிலுக்குப் போகவில்லை என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். எனக்கு வீட்டுக்குத் தூரம், முதல் நாள். கொல்லைக் கொட்டகையில்தான் பாயும் சொம்புமாக ஒதுங்கி இருந்தேன், நம் மூட்டைகளுக்குப் பக்கத்தில். என் கணவருக்கு அன்று கோயிலில் பூஜை முறை. மாமியாரும் போய்விட்டார். உங்கள் வீட்டுக்காரர் கடைசி மூட்டையைக் கதவோரம் வைத்துவிட்டு, "அம்மா, மழை வரும் போல இருக்குதுங்க, பாத்துக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான் இருந்தேன். நான் பதில்கூடச் சொல்லவில்லை.

பிறகு மழை வந்தது. கூரை போயிற்று. மூட்டையை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அரிசி நனைய ஆரம்பித்தபோது எனக்கு உங்கள் பொன்னி முகம்தான் வந்தது. கூடையில் அள்ளி அள்ளி ரேழிக்குக் கொண்டுபோனேன். அந்த நாளில் நான் நிலைப்படியைத் தாண்டக் கூடாது, அரிசியைத் தொடவே கூடாது. தாண்டினேன், தொட்டேன். முற்றத்துச் சாரலில் தரையெல்லாம் தண்ணீர். அடுக்களைப் பாத்திரத்தை எடுக்கக் கை வரவில்லை. அதனால் பெட்டியில் கொட்டினேன். பச்சரிசியோடு கலக்கிறது என்று தெரிந்துதான் கொட்டினேன். முதலில் காப்பாற்றுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எத்தனை கூடை என்று தெரியாது. முடிந்ததும் கிணற்றடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மண்டிக்காரர் எதிரில் மாமியார் வண்டிக்காரர் என்று சொன்னபோது, நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் எந்த நாளில் என்று கேட்பார்கள். கோயில் தெரு அத்தனை வீட்டு அரிசியும் தீட்டாகிவிட்டது என்பார்கள். குருக்கள் வீட்டிலேயே இப்படி என்று அவரைக் கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். மூடின வாய் அப்புறம் திறக்கவே இல்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதின கையும் என் கைதான்.

உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தை நாலு தரம் கிழித்து எழுதினேன் அக்கா. அக்கா என்று எழுதினால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுதான் ஸ்ரீமதி என்று போட்டேன்.

இப்போது இன்னொரு பயமும் இருக்கிறது. நான் அந்த நிலையில் தொட்ட அரிசியைத் தீபத்துக்கு விரதமிருந்து வருகிறவர்கள் வாயில் போடலாமா? இதைக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

லலிதா

கீழ்பென்னாத்தூர்,
15-11-1958

லலிதாம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பத்து நாள் என் வீட்டுக்காரர் தலை குனிந்து நடந்தார். எதிரில் பேசாத மனுஷர், மாட்டுக்கிட்டே பேசிக்கொண்டிருந்தார். அதை என்னால் சீக்கிரம் மறக்க முடியாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய் எழுதினதாகும்.

இரண்டாம் தடவை படித்தபோது அழுகை வந்தது. நாலு மூட்டையைக் கூடை கூடையாக நீங்களா தூக்கினீர்கள்? குடம் தண்ணீர் தூக்கினாலே மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற ஆளாயிற்றே.

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லுகிறேன். எங்கள் வீட்டிலும் மூன்று நாள் ஒதுங்கித்தான் உட்காருவோம். ஆனால் நடவு என்று வந்தால் முப்பது பெண்கள் வேண்டும். அன்றைக்கு யார் எப்படி என்று எந்த நிலத்துக்காரனும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. முழங்கால் சேற்றில் நின்று நட்டுவிட்டு வருவோம். அந்த நெல்தான் மண்டிக்குப் போகிறது, மண்டியிலிருந்து உங்கள் தெருவுக்கு வருகிறது, உங்கள் தெருவிலிருந்து கோயில் மடப்பள்ளிக்கும் போகிறது. அன்னாபிஷேகத்தன்று சாமி மேல் சாத்தின சோறும் அதுதான். சாமி என்றைக்கும் வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்விப்படவில்லை. மலை சுற்றி வருகிறவனுக்கு மட்டும் ஆகாதா?

நீங்கள் கூட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சகாதேவன் கொட்டவில்லை, மழைக்கு நான் கொட்டினேன் என்று சொல்லுங்கள். அது நிஜம், அது போதும். எந்த நாள் என்பது உங்கள் உடம்புச் சமாசாரம், சங்கத்துக்கு அதில் வேலை இல்லை.

இந்தக் கடிதத்தோடு உங்கள் கடிதத்தையும் உள்ளே வைத்து அனுப்புகிறேன். அது என்னிடம் இருக்கக் கூடாது. கோபம் வந்தால் யாரிடமாவது காட்டிவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நாளைக்கு வள்ளியோடு ஊருக்குத் திரும்புகிறேன்.

பச்சையம்மாள்

திருவண்ணாமலை,
20-11-1958

அக்கா,

நேற்றுக் கூட்டம் நடந்தது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நீங்கள் எழுதிக்கொடுத்தபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சகாதேவன் கொட்டவில்லை, நான் கொட்டினேன், பழைய தீர்மானத்தை அடித்துவிட்டேன் என்று நோட்டையும் காட்டினேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மாமியார் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு நீ எங்கேடி இருந்தே?"

அக்கா, எங்கள் தெருவில் யாருக்கு எந்த நாள் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கோயிலில் ஒருத்தியைக் காணோம் என்றால் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட உடனே பன்னிரண்டு பேரும் விரலை மடக்காமலே கணக்குப் போட்டுவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. "கொட்டகையில இருந்தேன்" என்றேன்.

ஏழு பேர் எழுந்து போய்விட்டார்கள். அது எங்கள் அரிசியே இல்லை, எங்கள் ஆட்டுக்கல்லில் அது படாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீதி நாலு பேரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மாமியார் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தனியாக வடித்துச் சாப்பிடுகிறார். என் கணவரிடமும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார். வந்து புண்யாகவசனம் பண்ணி வீட்டைச் சுத்தி செய்தார். எனக்கு மந்திரம் காதில் விழ விழ உள்ளே எரிந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "பெட்டியில தண்ணி தெளிக்கல. அது ஊர் அரிசி" என்று மட்டும் சொன்னார். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, ஆதரவு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

நாற்பது ஆட்டுக்கல் என்று கணக்குப் போட்டோம். ஒன்றுகூட இல்லை. பத்து நாள்தான் இருக்கிறது. என்னிடம் இரண்டு கை இருக்கிறது, அதையும் கொண்டுவர முடியாது போலிருக்கிறது. இன்று நானும் விரலை மடக்கிப் பார்த்தேன். தீபத்துக்கு முதல் நாள் நான் மறுபடி கொட்டகையில்தான் இருப்பேன்.

என்னால் இந்தக் காரியமே கெட்டுப்போனால் வள்ளியின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

லலிதா

அடி அண்ணாமலை,
21-11-1958

லலிதாம்மா,

கடிதத்தைப் படித்த கையோடு எழுதுகிறேன். நீண்டதாக எழுத நேரமில்லை.

எங்கள் ஊரில் முப்பத்தொரு ஆட்டுக்கல் இருக்கிறது, எண்ணிவிட்டேன். எங்கள் பெண்களிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். எல்லாம் என்றால் எல்லாமும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். காசியம்மாள் கேட்டுவிட்டு, "நாலு மூட்டைய ஒண்டியா தூக்கினாங்களா?" என்று அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். மற்றது அவள் காதில் ஏறவே இல்லை. எல்லாரும் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் அரிசியை ஏற்றிக்கொண்டுவர வண்டி வரும். இந்தத் தடவை கொல்லைப்பக்கம் வர மாட்டேன், முன்வாசலுக்குத்தான் வருவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவருக்கு அது வேண்டும். கதவைத் திறந்து விடுங்கள்.

அதே வண்டியில் நீங்களும் ஏறி வாருங்கள். மூன்று நாளும் எங்கள் வீட்டில் இருங்கள். உங்களுக்கு நாள் வந்தாலும் வரட்டும். எங்கே உட்காருவது என்று என்னைக் கேட்டால் அடுப்புக்கு முன்னால் என்றுதான் சொல்லுவேன். முடியாது என்றால் பின்னால் உட்கார்ந்து இலை தையுங்கள். கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க விட மாட்டேன்.

பச்சையம்மாள்

அடி அண்ணாமலை,
29-11-1958

லலிதாம்மா,

நேற்றுக் காலையில் பணம் கட்டியாகிவிட்டது. ரசீதைச் சங்க நோட்டில் ஒட்டுவதற்காக இதோடு வைத்திருக்கிறேன். நானூறும் போக மிச்சத்தில் மருத்துவச்சி வீட்டுக்கு மூன்று மாத வாடகை தேறும். திங்கட்கிழமை அந்த அம்மாள் வருகிறார். வள்ளி இன்றைக்கே வாடகை வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு வந்தாள். குனியாதே என்றால் கேட்டால்தானே. நேற்று ராத்திரி என் கையைப் பிடிக்காமல் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

முன்னே ஒரு கடிதத்தில் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய் என்றேன். மூன்று நாள் உங்களை அடுப்புக்கு முன்னால் பார்த்தேன். இரண்டாம் நாள் காலையில் வள்ளியிடம் பழந்துணி கேட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி வந்து கரண்டியைப் பிடித்தீர்களே, அப்போதே எனக்குத் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அதற்கு முன்னாலேயே, உங்கள் முன்வாசலிலேயே தீர்ந்துவிட்டதாம். குருக்களய்யா தாமே ஒரு பக்கம் மூட்டையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார் என்று இதுவரை நூறு பேரிடம் சொல்லியிருப்பார்.

அப்போது சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் மாவைக் கீழே ஊற்றிவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில் உங்கள் மாமியார் நாலைந்து பெண்களோடு மலை சுற்றிக்கொண்டு வந்தார். நீங்கள் புகையில் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தீர்கள். கூட வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். இவர் மட்டும் நின்றார். உங்கள் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை என் பலகையில் வைத்தார். நான் ஒரு தோசையை இலையில் மடித்துக் கொடுத்தேன். கையில் கொடுக்கலாமா, கீழே வைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவரே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் பின்னால் போய்விட்டார்.

வழியில் மாட்டுக்குப் போட்டாரோ, என்ன செய்தாரோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும். எழுதுங்கள்.

பச்சையம்மாள்

திருவண்ணாமலை,
1-12-1958

அக்கா,

ரசீதை நோட்டில் ஒட்டிவிட்டேன். எங்கள் தெருவில் இன்னும் ஏழு வீட்டில் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துகொள்கிறார்கள். அது எப்போது சரியாகும், ஆகுமா என்று தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று மருத்துவச்சி வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டால் தாங்கிக்கொள்ள முடிகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடைசி நாள் சாயங்காலம் வண்டி என்னை இறக்கிவிட்டதும் நேரே கொல்லைக்குத்தான் போனேன். கொட்டகையில் புது ஓலை வேய்ந்திருந்தது. என் கணவர் ஆள் வைத்து வேய்ந்திருக்கிறார். பாயை விரித்து உட்கார்ந்தேன். கையெல்லாம் எண்ணெய்ச் சூடு, கொப்புளம். யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் கொஞ்சம் அழுதேன்.

விளக்கு வைத்த பிறகு மாமியார் வந்தார். கொட்டகை வாசலில் நின்றார். மடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். தோசை. காலையில் சுட்டது, ஆறிப்போய் விறைத்திருந்தது.

பாதிதான் இருந்தது. மறு பாதி பிய்த்த இடத்தில் விரல் அடையாளம் தெரிந்தது.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. புதுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு கம்மி" என்றார். உள்ளே போய்விட்டார்.

லலிதா